இருநூற்று நான்கு கிலோ

அண்ணிக்குச் சாய்வு ஆகாது. சுவரில் ஒரு படம் அரை விரல் சாய்ந்து தொங்கினால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அது அடுத்தவர் வீட்டுச் சுவராக இருந்தாலும் எழுந்து போய் நிமிர்த்திவிட்டு வந்துதான் மறுவாய்.

இதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் சம்பளம் வாங்குவதே இதற்குத்தான். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் எடைக் கணக்கு பார்க்கும் வேலை, பத்தொன்பது வருடமாக. எந்தப் பெட்டி முன்னால், எது பின்னால், இடம் எவ்வளவு, வலம் எவ்வளவு என்று போட்டு அவள் கையெழுத்து வைத்தால்தான் விமானம் இடத்தைவிட்டு நகரும். அந்தக் கணக்கு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. வீட்டுக்காரர் நூற்றிரண்டு கிலோ. அதை அவர் மறைத்ததுமில்லை, குறைத்ததுமில்லை. காரானாலும் சரி, படகானாலும் சரி, அவர் ஏறி உட்கார்ந்ததும் அண்ணி தாடையை லேசாகத் தூக்கி ஒரு பக்கம் காட்டுவாள். அவர் அந்தப் பக்கம் நகர்ந்துகொள்வார். பதினான்கு வருடத் தாம்பத்தியத்தில் இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. நல்ல குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

இந்த அண்ணியிடம்தான் அவளுடைய நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, ஒரு படகைக் கொண்டுவந்து நிறுத்தி, "இதைச் சாய்ச்சுக் கொடுங்க அண்ணி" என்றாள்.

நாத்தனாரை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்பார்கள். ஒன்பது வருடம் நகராட்சி நீச்சல் குளத்தில் சொல்லிக்கொடுத்தவள். குளத்தில் விரிசல் விட்டு இழுத்து மூடிவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் வேறு வேலை தேடியிருப்பார்கள். சின்னவள் ஒரு பழைய படகைத் தேடினாள். ஏரியில் அலைச் சறுக்கு சொல்லிக்கொடுக்கப் போகிறாளாம். படகு மெதுவாக, பின்பாகம் தண்ணீரில் நன்றாக அமுங்கிப் போனால் அதன் வாலில் இடுப்பளவு அலை ஒன்று எழுந்து கூடவே வரும். பலகையில் எழுந்து நின்று, படகு இழுக்கும் கயிற்றை விட்டுவிட்டால் அந்த அலையே ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். கேட்டவர்கள் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். மாமியார், பெரியப்பா, இரண்டு சித்திகள், ஒருவர் விடாமல் "அகலக் கால் வைக்காதே" என்றார்கள். அண்ணி ஒருத்திதான், "பண்ணு" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முப்பத்தெட்டு வயதில் தண்ணீரைக் கண்டாலே காத தூரம் ஓடிய அண்ணிக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது சின்னவள்தான். பதினோரு நாள் குளத்தின் விளிம்பைப் பிடித்த கையை அண்ணி விடவில்லை. பதினோரு நாளும் சின்னவள் ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் பக்கத்தில் நின்றாள். பன்னிரண்டாவது நாள் கை தானாக விட்டது. இவளைப் போலச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பதை அண்ணி தன் உடம்பால் அறிந்தவள். ஆனால் "பண்ணு" என்று சொன்ன வாய்க்கு ஒரு பொறுப்பு உண்டு. தெற்குக் கரையில் ஒரே ஒருவருக்குத்தான் ஏரி அலுவலகம் அனுமதி தரும். இன்னும் மூன்று வாரத்தில், ஒரு சனிக்கிழமை வந்து பார்ப்பார்கள். சின்னவளின் படகு அலை எழுப்பவில்லை என்றால் அனுமதி, வரிசையில் அடுத்து நிற்கும் புதுப் படகுக்காரருக்குப் போய்விடும். பிறகு சின்னவளுக்கு வேலையும் இல்லை, படகும் தண்டம். அண்ணி சொன்ன ஒரு வார்த்தையால் வந்த வினை என்று ஊரே பேசும். ஊர் பேசுவதைவிட, சின்னவள் ஒன்றும் பேசாமல் இருப்பாளே, அதைத்தான் அண்ணியால் தாங்க முடியாது.

படகின் வயிற்றில் மூன்று தண்ணீர்ப் பைகள். பின்னால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மூக்கில் ஒன்று. ஒரு சின்ன மோட்டார் ஏரித் தண்ணீரையே உறிஞ்சி அவற்றை நிரப்பும்; வேண்டாம் என்றால் வெளியே துப்பும். முதல் நாள் அண்ணி தன் வழக்கப்படி இரண்டு பக்கமும் கிராம் சுத்தமாகச் சமமாக நிரப்பினாள். படகு ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்க்கலாம் போல நேராக நின்றது. அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் படகு வேகம் எடுக்கவில்லை. இன்ஜின் முக்கி முனகி மணிக்குப் பதிமூன்று கிலோமீட்டரைத் தாண்ட மறுத்தது. பின்னால் இரண்டு பக்கமும் சமமாக நுரைதான் வந்தது.

காத்தாடியிடம் போனார்கள். ப்ரொப்பல்லர் விற்பதும் நெளிந்ததை நிமிர்த்துவதும் அவர் தொழில். அதனால் அந்தப் பெயர். அவர் பட்டறைச் சுவர் முழுக்க வெண்கல ப்ரொப்பல்லர்கள், ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் எண்கள்.

"ஒரு சுத்து சுத்தினா போட்டை எவ்வளவு தூரம் தள்ளணும், அதுதான் கணக்கு" என்றார் காத்தாடி, பழைய ப்ரொப்பல்லரைக் கையில் புரட்டிக்கொண்டே. "உங்களோடது பதினாறு இன்ச். வெறும் போட்டுக்கு இது ராஜா. முக்கால் டன்னை ஏத்திட்டு இதையே மாட்டினா, சைக்கிள்ல டாப் கியர் போட்டு மேடு ஏறுற கதைதான். தொடை வலிக்கும், வண்டி நகராது."

"அப்ப எது?" என்றாள் சின்னவள்.

"பதினாலு இருக்கு, பன்னண்டரை இருக்கு. ரெண்டையும் கொண்டுபோய் மாட்டிப் பாருங்க, எது ஒத்து வருதோ அதை வெச்சுக்குங்க. எனக்கென்னமோ பன்னண்டரைதான். மூணு இறக்கைக்குப் பதிலா நாலு, பிடிமானம் நல்லா இருக்கும். ஆனா ஒண்ணு. அதை மாட்டின பிறகு வேகமாப் பறக்கணும்னு ஆசைப்படக் கூடாது."

"பறக்கறதுக்கு விமானம் இருக்கு" என்றாள் அண்ணி.

காத்தாடி சிரித்துவிட்டு விரலை உயர்த்தினார். "இன்ஜினும் இறக்கையும் அடிவயித்துக்குள்ள இருக்கற போட்டுங்கறதாலதான் நான் இதுக்கு ஒத்துக்கறேன். பின்னாடி இன்ஜின் தொங்குற போட்டுன்னா ஆளைக் கிட்டயே விடக் கூடாது. அதுக்கு மீனும் தெரியாது, மனுஷனும் தெரியாது. அப்புறம் அக்கா, போட்டை இப்படி நேரா நிறுத்தினா ரெண்டு பக்கமும் அரைகுறை அலைதான் வரும். ஒரு பக்கம் சாய்ங்க. அந்தப் பக்கம் முழு அலை எழும்பும்."

அண்ணி புது நோட்டு ஒன்றை எடுத்துக் கணக்கு எழுதினாள். இடப்பக்கப் பையில் முந்நூற்று அறுபது கிலோ. வலப்பக்கம் தொண்ணூறு. மூக்கில் நூற்று அறுபது. இடப்பக்கப் பின் இருக்கையில் வீட்டுக்காரர், நூற்றிரண்டு. எழுதும்போது கை கொஞ்சம் கூசியது; ஆனாலும் கணக்கு சரி என்று அவள் மூளை ஒப்புக்கொண்டது. மற்ற உறுப்புகளை யாரும் கேட்கவில்லை.

அடுத்த மூன்று வாரமும் ஏரியிலேயே கழிந்தது. பந்தயக் குதிரையை ஓட்டிப் பார்ப்பவர்போல ஸ்டீயரிங்கில் காத்தாடியே உட்கார்ந்தார். அண்ணி அவருக்கு முதுகு காட்டி, பின்னால் வரும் சின்னவளைப் பார்த்தபடி நோட்டோடு உட்கார்ந்தாள். எதிரே இடப்பக்கம் வீட்டுக்காரர். பதினாலு இன்ச்சில் படகு பதினாறு கிலோமீட்டர் வரை போனது. பன்னிரண்டரையை மாட்டியதும் வெண்ணெயில் கத்தி போனதுபோலப் பதினெட்டைத் தொட்டது. இடப்பக்கம் அலை எழுந்தது. பச்சையாக, வழவழப்பாக, சின்னவளின் இடுப்பு உயரத்துக்கு! அவள் கயிற்றை விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அண்ணி எண்ணினாள். ஒன்பதில் அலை செத்தது. நுரையாகக் குழைந்தது; சின்னவள் முழங்கால்வரை அமிழ்ந்து, தொப்பென்று விழுந்தாள்.

மறுபடி போனார்கள். பத்தில் செத்தது. மறுபடி, எட்டு. காத்தாடி ப்ரொப்பல்லரைக் கழற்றி முகர்ந்துகூடப் பார்த்தார். பதினாலை மாட்டினார்கள், பன்னிரண்டரையை மாட்டினார்கள். பையில் பத்து கிலோ கூட்டினார்கள், இருபது குறைத்தார்கள். அலை வரும், பத்துக்குள் சாகும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான், ஆனால் ஒரு நாளைக்கு ஏழு தாழி.

கடைசி வாரம் புதன்கிழமை மட்டும் அதிசயம் நடந்தது. அலை ஐம்பத்திரண்டு விநாடி நின்றது. சின்னவள் கூவிய கூவலில் கரையில் இருந்த நாரைகள் பறந்தன. வியாழக்கிழமை அதே ப்ரொப்பல்லர், அதே பை, அதே காற்று. ஒன்பது.

சின்னவள் கரையேறி, பலகையைப் புல்லில் போட்டாள். "தப்பித் தவறி வந்த அலை அண்ணி அது. எனக்கு விளையாட்டுக் காட்டிட்டுப் போயிடுச்சு." முடியைப் பிழிந்துகொண்டே, "நாளைக்கு நாலு மணிக்குள்ள ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து மனுவை வாபஸ் வாங்கிடறேன். எல்லார் முன்னாடியும் விழுந்து எழுந்திரிக்கறதுக்கு இது மேல்" என்றாள். அண்ணி ஈரத் துண்டை மடித்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் ஏரியில் மோட்டார் ஓடக் கூடாது. அண்ணி விடுப்பு எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்து உட்கார்ந்தாள். கணக்கில் பிழை இருந்தால் அது தன் பிழை. கண்டுபிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு. எதிரே வீட்டுக்காரர் வீங்கிய கன்னத்தோடு ஆறிய கஞ்சியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார். புதன்கிழமை கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தார்கள்.

புதன்கிழமை.

அண்ணி நோட்டைத் திருப்பினாள். புதன்கிழமை ஐம்பத்திரண்டு விநாடி. இடப்பக்க இருக்கை: காலி. இவர் பல் டாக்டரிடம் இருந்தார். அவளுக்குக் குழப்பம் கூடியது. இவர் இல்லையென்றால் இடப்பக்கம் நூற்றிரண்டு கிலோ குறைவு. அலை சின்னதாகத்தானே வர வேண்டும்? நின்று நிதானமாக எப்படி வந்தது?

"ஏங்க, போட்டுல நீங்க எங்க உட்கார்ந்திருந்தீங்க?"

"நீ சொன்ன இடத்துலதான்."

"இடப்பக்கம்."

"முதல்ல இடப்பக்கம். அப்புறம் வலப்பக்கம். அப்புறம் திரும்ப இடப்பக்கம்."

அண்ணியின் பேனா நின்றது. "வலப்பக்கம் போகச் சொன்னது யாரு?"

"நீதான்."

"நானா? நான் வாயையே திறக்கலியே!"

"என்னைக்கு வாயைத் திறந்து சொல்லியிருக்கே? தாடையால சொன்னே." வீட்டுக்காரர் வலிக்கிற கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தன் தாடையை மெல்லத் தூக்கி வலப்பக்கம் காட்டினார். அச்சு அசல் அண்ணி. "போட்டு நல்லாச் சாய்ஞ்சதும் இப்படிக் காட்டுவே. நான் மாறி உட்காருவேன், உன் கண்ணு தங்கச்சி மேலயே இருக்கும். தங்கச்சி விழுந்ததும் இந்தப் பக்கம் காட்டுவே, திரும்ப வந்துடுவேன். நீ ஏதோ கணக்கு வெச்சுத்தான் செய்யறேன்னு நெனச்சேன். உன் கணக்குல நான் எப்ப தலையிட்டிருக்கேன்?"

இந்தப் பக்கம் நூற்றிரண்டு குறைந்து அந்தப் பக்கம் நூற்றிரண்டு கூடினால், வித்தியாசம் இருநூற்று நான்கு கிலோ. மனக்கணக்காகவே வந்தது. ப்ரொப்பல்லரில் குற்றமில்லை, பையில் ஓட்டையில்லை. மூன்று வாரமாகச் சின்னவளின் அலையைக் கொன்றது அவள் தாடை. படகு சாய்வதைத் தாங்க முடியாமல் அது தன் போக்கில் வேலை பார்த்திருக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானை சறுக்கவில்லை. சறுக்கக் கூடாது என்று நின்றுதான் கெடுத்திருக்கிறது.

சுவர்க் கடிகாரம் மூன்றேகால் காட்டியது. அண்ணி செருப்பைத் தேடினாள். கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

ஏரி அலுவலகத்து வராந்தாவில் நீளப் பெஞ்சு ஒன்று. அதில் சின்னவள் மடியில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பாதிப் பக்கம் எழுதியாயிற்று. அண்ணி மூச்சு வாங்க, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. "தப்பு என்னோடது. உன் அண்ணன் மேல இல்லை, போட்டு மேல இல்லை. என் மேலதான்."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "மூணு வாரம் அண்ணி."

"ஆமா."

"நூறு தடவை விழுந்திருப்பேன். காதுக்குள்ள இன்னும் தண்ணி இருக்கு."

"ஆமா."

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், அதுதான் கொடுமை. உள்ளே எழுத்தர் ஸ்டேப்ளரைத் தட்டும் சத்தம் கேட்டது. மணி நாலாக ஏழு நிமிடம் இருந்தது. அண்ணிக்கு அழுகை முட்டியது. அழுதால் அது இன்னொரு பாரம் என்று அடக்கிக்கொண்டாள்.

"குளத்துலயும் இப்படித்தான்" என்றாள் சின்னவள் கடைசியில். "கையை விடுங்கன்னா, விட்டுட்டேன்னு சொல்வீங்க. பார்த்தா ஒரு விரல் பிடிச்சுக்கிட்டே இருக்கும். உங்களுக்கே தெரியாது." அவள் தாளை நான்காக மடித்துப் பைக்குள் போட்டாள். "நாளைக்கு நீங்க போட்டுல ஏறக் கூடாது. கரையில நில்லுங்க."

"நிக்கறேன்" என்றாள் அண்ணி. அதைவிட நல்ல தண்டனையை அவள் எதிர்பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏரி அலுவலக அதிகாரி வந்தார். ஒல்லியான அம்மா, கழுத்தில் விசில், கையில் அட்டை. முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை. அவரை ஏற்றிக்கொண்டு படகு கிளம்பியது. பன்னிரண்டரை இன்ச் ப்ரொப்பல்லர், எழுதி வைத்த கணக்கு, இடப்பக்கம் வீட்டுக்காரர். அண்ணி கரையில் நின்று எண்ணினாள். ஒன்பது தாண்டியது. ஐம்பது தாண்டியது. நூற்று முப்பதில் சின்னவள் தானாகவே பலகையிலிருந்து குதித்தாள். அண்ணி யாரும் பார்க்காதபடி துள்ளினாள். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டார்.

ஆனால் படகு கரைக்குத் திரும்பியபோது அதிகாரியின் பேனா எழுதவில்லை.

"நீங்க நல்லா சறுக்கறீங்க, சரி. அனுமதி கேட்டது சொல்லிக்கொடுக்கறதுக்குத்தானே? இதுவரைக்கும் பலகையில ஏறாத ஒருத்தரை நிக்க வெச்சுக் காட்டுங்க. மூணு முயற்சி." அவர் கண் வீட்டுக்காரர் மேல் விழுந்தது. "சார்?"

"நான் சரக்கு மேடம்" என்றார் வீட்டுக்காரர் பணிவாக.

காத்தாடி முழங்காலைத் தொட்டுக் காட்டி, முடியாது என்று தலையாட்டினார். மிச்சம் இருந்தது கரையில் கைப்பையோடு நின்ற ஒருத்திதான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சின்னவளும் பார்த்தாள். "பண்ணு" என்று அன்றைக்குச் சொன்ன வாய் இன்றைக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்லும்? அண்ணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைப்பைக்குள் வைத்து, பையைத் தூண்டில்காரரிடம் கொடுத்தாள்.

மிதவைச் சட்டையோடு தண்ணீரில் மல்லாந்து, குதிகாலைப் பலகை மேல் வைத்து, கையில் கயிற்றோடு கிடந்தாள். படகு மெல்ல இழுத்தது. பலகை காலுக்கடியில் எழுந்தது. அவள் குனிந்து பார்த்தாள், அவ்வளவுதான், ஏரித் தண்ணீர் மூக்கு வழியாக மூளைவரை போனது. இரண்டாவது முறை பாதி எழுந்தாள். தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. மறுபடி விழுந்தாள்.

"தாடையைத் தூக்குங்க அண்ணி!" படகின் பின்தட்டிலிருந்து சின்னவள் கத்தினாள். "கீழ பார்த்தா கீழதான் போவீங்க!"

"தூக்க முடியாது!"

"ஏன்?"

"தூக்கினா உன் அண்ணன் எழுந்துடுவார்!"

அதிகாரி அட்டையிலிருந்து தலையை நிமிர்த்தி எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். சின்னவள் அண்ணனைப் பார்த்தாள். வீட்டுக்காரர், தன்மேல் ஒரு குற்றமும் இல்லாதவர்போல மேகத்தைப் பார்த்தார்.

"அண்ணி, இங்க பாருங்க" என்றாள் சின்னவள். குரல் தணிந்திருந்தது, குளத்து விளிம்பில் பதினோரு நாள் கேட்ட அதே குரல். "போட்டு இந்த ஆளுங்க பொறுப்பு. உங்களுக்கு உங்க காலு மட்டும்தான். தூக்குங்க."

மூன்றாவது முறை கயிறு இறுகியது. பலகை எழுந்தது. அண்ணி கூடவே எழுந்தாள். இடுப்பு வளைய எழுந்தாள். தாடையைத் தூக்கினாள். அப்போதுதான் முதல்முறையாகப் படகைப் பின்னாலிருந்து பார்த்தாள். இடப்பக்கம் அது அப்படிச் சாய்ந்திருந்தது, கொடுமையாக, வெட்கமே இல்லாமல் சாய்ந்திருந்தது. அவள் தாடை தன் பழைய புத்தியில் வலப்பக்கம் இன்னும் ஒரு விரல் உயர்ந்தது.

அவளையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் பாதி எழுந்துவிட்டார். பதினான்கு வருடப் பழக்கம். எழுந்தவர் அப்படியே நின்று, கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, தொப்பென்று அதே இடத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். கல்யாணமான நாள்முதல் அவள் சொன்னதை அவர் கேட்காதது அதுதான் முதல் தடவை.

படகு நிமிரவில்லை. அலை அண்ணியின் காலுக்கடியில் நிறைந்து வந்து தள்ளியது. கையில் கயிறு தொய்ந்தது.

"இவர் ஏன் கண்ணை மூடிட்டிருக்கார்?" என்று அதிகாரி கேட்டார்.

"அலைக்காக மேடம்" என்றாள் சின்னவள். பிறகு கையை வாயருகே குவித்துக் கத்தினாள்: "அண்ணி! கையை விடுங்க!"

"விட்டுட்டேன்!" என்றாள் அண்ணி.

சின்னவள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கயிற்றின் கைப்பிடி வெறும் தண்ணீரில் துள்ளிக்கொண்டு படகின் பின்னால் வந்தது. அதிகாரி எழுதத் தொடங்கினார்.